இருபதாவது பெயர்

அத்தியாயம் 14

மத்தி மீன் இவ்வளவு சல்லிசாகக் கிடைத்தால் கொஞ்சம் யோசித்திருக்க வேண்டும். வெண்மதி யோசிக்கவில்லை.

விடியற்காலை ஐந்தரை மணிக்குக் கடலூர் முதுநகர் துறைமுகத்தில் மீன் விற்கிற ஞானாம்பாளிடம் ஐந்து கிலோ வாங்கினாள். பேரம் பேசுவதற்குக்கூட அவர் இடம் கொடுக்கவில்லை. கேட்ட விலைக்கே ஐஸ் பெட்டியில் அள்ளிப் போட்டு, மேலே ஒரு கை கூடவும் போட்டார்.

"இந்த மாசம் இப்புடித்தாம்மா. எடுத்துக்கினு போ" என்றார்.

எந்த மாசம், ஏன் இப்படி என்று கேட்க வெண்மதிக்கு நேரம் இல்லை. அவள் மனசு அப்போதே லிஸ்பன் நகரத்தின் ஏதோ ஒரு சந்தில் நடந்துகொண்டிருந்தது. அந்தச் சந்தில் வாசலுக்கு வாசல் கரி அடுப்பு வைத்து, முழு மத்தியைக் கல்லுப்பு மட்டும் தூவிச் சுட்டு, ரொட்டித் துண்டின்மேல் வைத்துத் தருவார்கள். அவள் போய்ப் பார்த்ததில்லை. பார்த்தவர்கள் சொன்னதையும் எழுதியதையும் படமெடுத்ததையும் இரண்டு வருடமாக ஒரு நோட்டில் சேர்த்து வைத்திருக்கிறாள்.

வெண்மதியை ஆரம்பத்திலிருந்து தெரிந்தவர்கள் இருக்கிறீர்கள். இன்றைக்குத்தான் வந்து உட்காருகிறவர்களுக்காக நாலு வரி.

பதினோரு வருடம் பள்ளியில் பூகோளம் சொல்லிக்கொடுத்தவள். மூன்று வருடத்துக்கு முன்னால் வேலையை விட்டுவிட்டு, கடலூர் செம்மண்டலத்தில் வீட்டு முன்னறையிலேயே கணவன் அன்பரசோடு சேர்ந்து டூர் ஆபீஸ் தொடங்கினாள். வேளாங்கண்ணி, காசி, கோவா என்று பஸ் விட்டுக்கொண்டிருந்தவர்கள் இந்த நவம்பரில் முதல்முறையாக விமானத்தில் ஆள் ஏற்றப் போகிறார்கள். போர்ச்சுகல், பத்து நாள். கூட்டிப்போகிற பொறுப்பு வெண்மதிக்கு.

அவளைச் சேர்க்காமல் இருபது பேர் வேண்டும். பெயர்ப் பட்டியல் இன்று மாலை ஐந்து மணிக்குள் சென்னையில் டிக்கெட் போடுகிற ஏஜென்சிக்குப் போக வேண்டும். ஒரு பெயர் குறைந்தாலும் டூர் இல்லை. அங்கே இருக்கிற பாத்திமா மாதா கோயிலைப் பார்க்க வேண்டும் என்று கடலூரில் பதினோரு பேர் போன மாதமே கையெழுத்துப் போட்டாயிற்று. சிதம்பரத்தில் இன்னும் பதினோரு பேர் இழுத்துக்கொண்டிருக்கிறார்கள். அதில் ஒன்பது பேராவது சரி என்றால்தான் வெண்மதி விமானம் ஏறுவாள். போர்ச்சுகல் இருக்கிற ஐபீரியத் தீபகற்பத்தைக் கண்ணை மூடிக்கொண்டு கரும்பலகையில் வரைகிறவள், இதுவரை ஒரு விமான நிலையத்தின் வாசலைக்கூட மிதித்ததில்லை.

சிதம்பரத்துக்காரர்களின் தயக்கம் ஊரைப் பற்றியது அல்ல, சோற்றைப் பற்றியது. பத்து நாள் அங்கே என்னத்தைச் சாப்பிடுவது என்று ஒரே கேள்வி. அதனால்தான் இன்று தெற்கு வீதியில் ஒரு சின்ன ஹால் பிடித்து, அந்த ஊர்ச் சாப்பாட்டையே ஆக்கிப் போட்டுக் காட்டிவிடுவது என்று வெண்மதி முடிவு செய்திருந்தாள்.

ஆக்கப் போகிறவர் அவளுடைய அண்ணன் ராஜாமணி. ஊர் சுற்றுகிற பஸ்களுக்குப் பின்னால் சமையல் வேன் ஓட்டி இருபத்தைந்து வருடம் ஆன மனிதர். நம்ம ஊர் ஜனங்கள் டூர் போகிறார்கள் என்றால் முதலில் கேட்பது எந்தெந்த ஊர் என்று அல்ல, சமையலுக்கு யார் வருகிறார் என்றுதான். ராஜாமணி என்றால் கண்ணை மூடிக்கொண்டு பெயர் கொடுப்பார்கள்.

அந்த ராஜாமணிக்குத்தான் இந்த டூரில் இடம் கிடையாது. அங்கே ஹோட்டல்களில் வெளியாட்கள் அடுப்பு வைக்க விடமாட்டார்கள். இது வெண்மதிக்குத் தெரிந்து ஒரு மாதம் ஆகிறது. அண்ணனிடம் எப்படிச் சொல்வது என்றுதான் தெரியவில்லை. அவர் வீட்டு நிலவரமும் சரியில்லை. இலங்கைக்குக் கூட்டிப்போகிறேன் என்று பாஸ்போர்ட்டெல்லாம் எடுக்கவைத்து, இரண்டு வருடமாகக் கூட்டிப்போகவே இல்லை என்று அண்ணி மலர்க்கொடி கோபித்துக்கொண்டு பரங்கிப்பேட்டையில் அம்மா வீட்டில் இருக்கிறாள். நாற்பது நாளாகப் பேச்சு இல்லை.

இன்றைக்கு வேனில் போகும்போது சொல்லிவிட வேண்டும் என்று நினைத்துக்கொண்டே வெண்மதி முன்சீட்டில் ஏறினாள்.

*

ஆலப்பாக்கம் தாண்டும்வரை அந்தப் பேச்சு வரவில்லை. மீனைப் பற்றித்தான் வந்தது.

"அஞ்சு கிலோ மத்திண்ணா. பாதி வெலதான். கேட்ட ஒடனே குடுத்துட்டாங்க."

ராஜாமணி சாலையிலிருந்து கண்ணை எடுத்து அவளை ஒரு தடவை பார்த்தார். "பொட்டியில மீனா இருக்குது? கறிகாய்னு நெனச்சேன்."

"சுட்டுக் குடுக்கப் போறோம்னு சொன்னேனே."

"சுடறதுன்னா கெழங்கு சுடுவன்னு நெனச்சேன். இன்னிக்கி என்னா கெழம?"

"சனிக்கெழம."

"என்னா மாசம்?"

"அக்டோபர்."

"தமிழ் மாசம் கேட்டேன்."

புதுச்சத்திரம் வந்திருந்தது. சாலையோரமாக ஒரு குடும்பம் போய்க்கொண்டிருந்தது. அப்பா, அம்மா, இரண்டு பெண் பிள்ளைகள். நெற்றி நிறைய நாமம், மஞ்சள் துணி, துளசி சுற்றிய சொம்பு. ஒரு வீட்டு வாசலில் நின்று "கோவிந்தா, கோவிந்தா" என்று குரல் கொடுக்க, உள்ளேயிருந்து ஒரு அம்மாள் படி அரிசியோடு வந்தார்.

வெண்மதி வாயைப் பொத்திக்கொண்டாள்.

வெண்மதியுடையது கிறிஸ்தவக் குடும்பம். வீட்டில் புரட்டாசிக் கணக்கு கிடையாது. அதற்காகத் தெரியாமல் போய்விடுமா? பக்கத்திலிருக்கிற திருவந்திபுரம் தேவநாதப் பெருமாளுக்கு இந்த மாதம் எப்படிக் கூட்டம் நெரியும் என்பது செம்மண்டலத்தில் சின்னக் குழந்தைக்கும் தெரியும். போர்ச்சுகலில் எந்த மாதம் மத்தி கொழுத்திருக்கும், எந்த மாதம் திராட்சை பறிப்பார்கள் என்று விரல்நுனியில் வைத்திருந்தவள், சொந்த ஊரில் என்ன மாதம் நடக்கிறது என்பதைக் கோட்டை விட்டுவிட்டாள். எல்லோருக்கும் லீவு என்று சனிக்கிழமையாகப் பார்த்துத் தேதி குறித்தவளும் அவளேதான்.

"பதினோரு பேரும் விரதம்ணா. எலையில மீன வெச்சிருந்தா எழுந்து போயிருப்பாங்க."

"வெக்கலயே இன்னும்" என்றார் ராஜாமணி. அவருக்குப் பதற்றம் என்பதே வராது. முந்நூறு பேர் பந்தியில் உட்கார்ந்த பிறகு கேஸ் தீர்ந்துபோனதைப் பார்த்தவர்.

பி.முட்லூர் கூட்ரோட்டில் வேனை ஓரம் கட்டினார். இடது பக்கம் பிரிகிற சாலை பரங்கிப்பேட்டைக்குப் போகிறது. நாற்பது நாளாக இந்த இடத்தைக் கடக்கும்போதெல்லாம் அவர் அந்தப் பக்கம் திரும்புவதில்லை என்று வெண்மதி கவனித்து வைத்திருந்தாள். இன்று இறங்கி, அந்தச் சாலையில் நின்றிருந்த ஆட்டோவிடமே போனார். ஓட்டுகிற கலியமூர்த்தி பழைய பழக்கம்.

"கலியமூர்த்தி, இந்தப் பொட்டிய எங்க மாமியார் வூட்ல குடுத்துடு. சாயங்காலம் சிதம்பரம் வருவல்ல, காலிப் பொட்டிய தெக்கு வீதிக்கு எடுத்தாந்துடு."

"அக்கா கேட்டா என்னா சொல்லட்டும்?"

ராஜாமணி கொஞ்சநேரம் தலையைச் சொறிந்தார். "மீனுன்னு சொல்லு."

*

சொல்ல வேண்டியதை இனி எப்போது சொல்வது? ஹாலுக்குப் போய்ச் சேர்ந்ததும் வேலை பிடித்துக்கொண்டது. சாப்பாட்டுக்கு நாலு மணி நேரம்தான் இருந்தது. வேனில் சைவப் பாத்திர மூட்டைகளை மஞ்சள் கயிறு போட்டு எப்போதும் தனியாக வைத்திருப்பார் ராஜாமணி. கவிச்சி அடுப்புக்குப் போகாத பாத்திரம் அவை. மீன் டூராக இருந்தாலும் அந்த மூட்டைகள் கூட வரும். இன்று அவைதான் காப்பாற்றின.

"அவுங்க ஊர்ல மீன் கறி இல்லாம என்னா சாப்புடுவாங்க? நோட்ட எடு" என்றார்.

வெண்மதி படித்தாள். உருளைக்கிழங்கை வேகவைத்து மசித்த சூப்பில் ஒரு கீரையை நூல் நூலாக நறுக்கிப் போடுவார்கள். பச்சை சூப் என்று பேர். அந்தக் கீரை இங்கே கிடைக்காது. முட்டைக்கோஸின் வெளி இலையை, கடைக்காரர் கிழித்துப் போடுகிறதை, வாங்கி வரச் சொன்னார் ராஜாமணி. தக்காளி சாதம் குழைவாக. தோலோடு வெந்த சின்ன உருளைக்கிழங்கைக் கையால் ஒரு குத்துக் குத்திப் பிளந்து எண்ணெயில் புரட்டுவார்கள். அப்புறம் பீன்ஸை முழுசாக மாவில் தோய்த்துப் பொரிப்பார்கள்.

"அதுக்குத் தோட்டத்து மீன்குஞ்சுன்னு பேருண்ணா. மாமிசம் சாப்பிடாத நாள்ல அவுங்க வழக்கமா சாப்புட்டது."

"பஜ்ஜின்னு சொல்லு" என்றார் ராஜாமணி. ஆனால் அவர் முகத்தில் சிரிப்பு வந்திருந்தது. "அவுங்களுக்கும் விரத நாள் இருந்துச்சா, பரவால்ல. இன்னிக்கி வர்றவங்கள்ல ஸ்ரீதர் சார் வூட்ல சனிக்கெழம வெங்காயம் பூண்டு கெடையாது. காசியில பாத்திருக்கேன். அவருக்கு சூப்பு தனிச் சட்டியில வெக்கணும்."

மளமளவென்று கோஸ் இலையைச் சுருட்டி, கத்தியை ஓட்டினார். இலை பச்சை நூலாக உதிர்ந்தது. வெண்மதி வாயைத் திறந்து, மூடி, வெளியே போய் லேப்டாப்பையும் புரொஜெக்டரையும் எடுத்து வைத்தாள்.

*

பதினோரு மணிக்குப் பதினோரு பேரும் வந்துவிட்டார்கள். முன்வரிசையில் ஸ்ரீதர். சர்க்கரை ஆலையில் கெமிஸ்டாக இருந்து ஓய்வு பெற்றவர், போகிற இடமெல்லாம் வெந்நீர் பிளாஸ்க் எடுத்துப் போவார். இந்தப் பதினோரு பேரும் அவர் சொன்னால் கேட்பார்கள். பக்கத்தில் பட்டம்மாள், ரிட்டயர்டு நர்ஸ். அவர் யார் சொன்னாலும் கேட்க மாட்டார்.

படங்கள் சுவரில் விழுந்தன. வெண்மதியின் குரலுக்குப் பழைய பள்ளிக்கூடத் தெம்பு வந்தது.

"லிஸ்பன். ஏழு குன்று மேல கட்டுன ஊரு. இந்த மஞ்சள் டிராம் மேட்டுல ஏறும்போது சந்து எவ்ளோ குறுகல் பாருங்க. ஜன்னல்ல கைய நீட்டுனா பக்கத்து வீட்ல காயற துணி தட்டும். கீழ பாருங்க, நடைபாதை பூரா கறுப்பும் வெள்ளையுமா சின்னச் சின்னக் கல்லு. மிஷின் இல்ல, ஒருத்தர் உக்காந்து சுத்தியால தட்டித் தட்டி வெக்கிறாரு. அலை மாதிரி தெரியுதா?"

"மழை பேஞ்சா வழுக்குமே" என்றார் ஸ்ரீதர்.

"வழுக்கும் சார். ரப்பர் அடி செருப்பு போட்டுக்கணும்."

போர்ட்டோ நகரத்து ரயில் நிலையம் வந்தது. நான்கு சுவரிலும் வெள்ளையில் நீலம் தீட்டிய ஓடுகள், சண்டையும் கல்யாணமும் அறுவடையுமாக. ரயில் பிடிக்க வந்தவர்கள் பெட்டியோடு அண்ணாந்து நிற்கிறார்கள். அந்த ஓட்டில் ஒன்றை நாமே தீட்டி, சூளையில் சுட்டு வீட்டுக்குக் கொண்டுவரலாம் என்று வெண்மதி சொன்னதும் இரண்டு மூன்று பேர் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். டோரோ ஆற்றங்கரை மலைகள் படிக்கட்டாக வெட்டப்பட்டு, நவம்பரில் திராட்சை இலையெல்லாம் சிவந்து நின்றன. தெற்கே கார்க் மரக்காடு. ஒன்பது வருடத்துக்கு ஒருமுறை பட்டையை மட்டும் உரிப்பார்கள், மரத்தை வெட்ட மாட்டார்கள், உரித்த வருடத்தை மரத்திலேயே பெயிண்டால் எழுதி வைப்பார்கள். தங்கத்தை நூலாக இழுத்துச் சுற்றிச் செய்கிற இதய வடிவப் பதக்கம் வந்தபோது பெண்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் கண்ணாடி போட்டுக்கொண்டார்கள்.

"பாஷை தெரியாம எப்புடிம்மா?" என்று யாரோ கேட்டார்கள்.

"சாவி, ஜன்னல், மேசை, அலமாரி, இந்த நாலும் அவுங்க கிட்டயிருந்து வந்தது. ஹோட்டல்ல கதவு பூட்டிக்கிச்சின்னா சாவின்னு கேளுங்க, புரிஞ்சிக்குவாங்க."

அடுத்த படம் நசாரே என்ற ஊரின் கடற்கரை. வரிசை வரிசையாகக் கம்பி வலைகளில் மீன் காய்ந்துகொண்டிருந்தது. வெண்மதி அவசரமாகத் தள்ளிவிட்டாள்.

"ஏம்மா ஓட்டுற? பரங்கிப்பேட்டையில காயற கருவாடு மாதிரியே இருந்துச்சி. படத்துல பாத்தா வெரதம் கெடாது" என்றார் பட்டம்மாள்.

எல்லோரும் சிரித்தார்கள். வெண்மதிக்கும் மூச்சு வந்தது. இத்தோடு நன்றாக முடிந்துவிடும் என்று நினைத்தாள்.

ஸ்ரீதர் பிளாஸ்க்கை மூடினார்.

"டீச்சர், ஊரெல்லாம் பிரமாதம். ஒரே ஒரு கேள்விதான். ராஜாமணி வர்றாருல்ல?"

சமையலறைக் கதவருகே, கையில் வாளியோடு, ராஜாமணி நின்றுகொண்டிருந்தார்.

பதினோரு பேர் முன்னால், இப்படியா அண்ணனுக்குத் தெரிய வேண்டும்? காலையில் வேனில் சொல்லியிருக்கலாம். போன வாரம் சொல்லியிருக்கலாம். தன்மேலேயே அவளுக்கு வெறுப்பாக வந்தது.

"நான் வரலீங்க சார்" என்றார் ராஜாமணி, சாதாரணமாக. "அங்க ஓட்டல்ல நம்மள அடுப்பு வெக்க விடமாட்டாங்க."

ஹாலில் சலசலப்பு எழுந்தது. "அப்ப நம்மளுக்கு ஒத்துவராதும்மா" என்றார் ஸ்ரீதர். "காசியில பதினாலு நாளும் இவரு வெச்ச ரசத்துலதான் நான் நல்லபடியா திரும்பி வந்தேன்."

"மணி ஒண்ணாச்சி சார். மொதல்ல சாப்புடுங்க. பேச்ச அப்பறம் வெச்சுக்கலாம்" என்று சொல்லிவிட்டு ராஜாமணி உள்ளே போனார்.

வெண்மதி பின்னாலேயே ஓடினாள்.

"அண்ணா, யாரு சொன்னா ஒனக்கு?"

"யாரும் சொல்லல." அவர் வாளியில் சூப்பை ஊற்றிக்கொண்டிருந்தார். "ஒவ்வொரு டூருக்கும் ஒரு மாசம் முன்னாலயே மளிக லிஸ்ட் கேப்ப. புளி எத்தினி கிலோ, மொளகாத்தூள் எத்தினி கிலோன்னு. இதுக்கு நீ கேக்கவே இல்ல. அப்பவே தெரிஞ்சிக்கிட்டேன்."

வெண்மதிக்கு அழுகை வந்துவிட்டது. "தெரிஞ்சும் ஏண்ணா வந்த இன்னிக்கி?"

"நீ ஆக்கச் சொன்ன, வந்தேன்."

"நல்லா இருந்துச்சின்னா நீ இல்லாமயே போயிடலாம்னு சொல்லிடுவாங்கண்ணா."

"ஆமா. நல்லா இல்லன்னா நீ போக முடியாது." ராஜாமணி வாளியைத் தூக்கினார். "எனக்கு கெடுத்து ஆக்கத் தெரியாது மதி. கண்ணத் தொடச்சிக்கினு எல போடு."

*

பச்சை சூப்பை முதலில் எல்லோரும் மருந்து குடிக்கிற மாதிரிதான் குடித்தார்கள். இரண்டாவது வாய்க்கு முகம் மாறியது. ஸ்ரீதருக்கு வைத்த வெங்காயம் இல்லாத சட்டியில் ராஜாமணி கொஞ்சம் மிளகு தட்டிப் போட்டிருந்தார். ஸ்ரீதர் ஒரு கிண்ணம் குடித்து, இன்னொரு கிண்ணம் கேட்டு, மனைவியிடம் மெதுவாக, "ரசத்துக்குச் சித்தப்பா மொறை வேணும் இது" என்றார்.

பீன்ஸ் வந்தது. அந்த ஊரில் அதை என்ன சொல்வார்கள் என்று வெண்மதி சொன்னபோது பந்தியே கலகலத்தது. புரட்டாசியில் மீன் சாப்பிட்ட கணக்கு எங்கே போய்ச் சேரும் என்று பட்டம்மாள் கேட்டுக்கொண்டே நாலாவதை எடுத்தார்.

கடைசியில் பால் சாதம். அரிசியைப் பாலில் குழைய விட்டு, எலுமிச்சைத் தோலைப் போட்டுக் கொதிக்க வைத்து, தட்டில் பரப்பி ஆற வைப்பது. மேலே பட்டைத் தூளை விரல் நுனியில் எடுத்துப் பொடிப்பொடியாகத் தூவிக் கட்டம் போடுவார்கள் என்று நோட்டில் எழுதியிருந்தது. ராஜாமணி இரண்டு கோடு போடுவதற்குள் பட்டம்மாள் எழுந்து வந்துவிட்டார்.

"தள்ளுங்க, அது பொம்பளைங்க வேல" என்று தூளை விரலில் எடுத்தார். ஏழு புள்ளி வைத்து, வளைத்து இழுத்து, வாசலில் போடுகிற சிக்குக் கோலத்தையே பால் சாதத்தின்மேல் போட்டு முடித்தார். அதைக் கலைத்துச் சாப்பிட யாருக்கும் மனசு வரவில்லை. எல்லோரும் போனை எடுத்துப் படம் பிடித்தார்கள்.

மூன்று மணிக்குக் கையெழுத்து ஆரம்பித்தது. முதல் ஆளாகப் பட்டம்மாள் போட்டார். ஸ்ரீதர் நிறைய யோசித்தார்.

"காலையில ரூம்ல வெந்நீர் குடுப்பாங்களா?"

"ரூம்லயே வெந்நீர்க் கெட்டில் இருக்கும் சார்."

"ரசப்பொடி நான் கையில எடுத்துக்கினு வருவேன். யாரும் கேக்கக் கூடாது." போட்டார். அவர் மனைவியும் போட்டார். அப்புறம் மற்றவர்கள் வரிசையாக வந்தார்கள்.

எட்டோடு நின்றுவிட்டது. கோவிந்தசாமி குடும்பத்தில் மூன்று பேர். சாப்பாடு பிடிக்காமல் இல்லை, கோவிந்தசாமி பால் சாதத்தைப் பொட்டலம் கட்டிக்கூட வாங்கிக்கொண்டார். மருமகளுக்கு நவம்பரில் பிரசவம். ஊரில் இல்லாமல் எப்படி என்றார். வெண்மதியால் என்ன சொல்ல முடியும்? சுகப்பிரசவம் ஆகட்டும் என்று சொல்லி அனுப்பினாள்.

செம்மண்டலத்திலிருந்து அன்பரசு போன் செய்தான்.

"எத்தினி?"

"பத்தொம்போது."

"சரி, அஞ்சு மணி வரைக்கும் பாக்கலாம். நீ சாப்டியா?"

சாப்பிடவில்லை. பசியும் இல்லை. நாற்காலிகளை யாரோ மடித்து அடுக்கிக்கொண்டிருந்தார்கள். சுவரில் படங்கள் மறுபடி முதலிலிருந்து ஓடி, அந்த நீல ஓட்டு ரயில் நிலையத்தில் நின்றிருந்தன. இவ்வளவு கிட்டே வந்து நின்றுபோயிற்றே என்று வெண்மதி பட்டியலை இன்னொரு தடவை எண்ணினாள். ஒரு ஆள். ஒரே ஒரு ஆள்.

*

நாலரை மணிக்குக் கலியமூர்த்தி ஐஸ் பெட்டியோடு வந்தார்.

பெட்டி கழுவித் துடைத்து, உள்ளே ஈரமில்லாமல் இருந்தது. ராஜாமணி மூடியைத் திறந்து பார்த்தார். எதுவும் இல்லை.

"ஏதாவது சொன்னாளா?"

"ஒண்ணும் சொல்லலீங்க. வாங்கிக்கினாங்க. கெளம்பும்போது மட்டும், அவரு சாப்புட்டாரான்னு கேட்டாங்க."

"நீ என்னா சொன்ன?"

"எனக்குத் தெரியாதுன்னு சொன்னேன்."

கலியமூர்த்தி போன பிறகும் ராஜாமணி மூடியைக் கையில் வைத்துக்கொண்டே நின்றார். அவர் சாப்பிடவில்லை. எந்தப் பந்தியிலும் அவர் கடைசி. பாத்திரமெல்லாம் கழுவிக் கவிழ்த்த பிறகு, நின்றபடியே ஒரு கை அள்ளிப் போட்டுக்கொள்வார்.

வெண்மதி ஒரு நாற்காலியை விரித்தாள். மேசையில் இலை போட்டாள்.

"உக்காருண்ணா."

"சட்டிங்கள ஏத்திட்டு..."

"உக்காருன்னு சொல்றேன்ல."

உட்கார்ந்தார். அவள் பரிமாறினாள். ஆறிப்போன தக்காளி சாதம், மிச்சமிருந்த மூன்று பீன்ஸ், கோலத்தின் ஓரம் ஒட்டியிருந்த பால் சாதம். அவர் நிதானமாகச் சாப்பிட்டார். நடுவில் ஒருமுறை தலையை நிமிர்த்திச் சுவரில் தெரிந்த ரயில் நிலையத்தைப் பார்த்தார்.

"மதி, காசிக்கு நான் பதினெட்டு தடவ போயிருக்கேன். கங்கைய எத்தினி தடவ பாத்தேன் தெரியுமா? ரெண்டு தடவ. அதுவும் தண்ணி மொண்டுகினு வரப் போனப்ப. கோவாவுல கடல் இருக்குதுன்னு சொல்லுவாங்க. நான் பாத்தது கல்யாண மண்டபத்துக் கொல்லப்பக்கம்தான்."

வெண்மதி அவர் இலையில் இன்னும் கொஞ்சம் சாதம் வைத்தாள்.

"அங்க அடுப்பு வெக்கவே விடமாட்டாங்க, இல்ல?"

"விடமாட்டாங்கண்ணா."

"அது போதும் எனக்கு. பேனாவக் குடு."

கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு வந்து, இருபதாவது வரியில் ராஜாமணி என்று எழுதினார். எத்தனையோ டூர் பட்டியல்களில் அவர் பெயர் அடியில், பஸ் நம்பருக்குப் பக்கத்தில், சமையல் என்று போட்டு இருந்திருக்கிறது. பயணிகள் வரிசையில் இதுதான் முதல் தடவை. வெண்மதி அழுததைப் பார்த்து, "கண்ணாலம் பண்ணி அனுப்பற மாதிரி அழுவாத" என்றார்.

"பாஸ்போர்ட் எங்கண்ணா இருக்குது?"

"பீரோவுல. சாவி மலர்க்கொடி கிட்ட."

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"கீழ இன்னும் ஒரு வரி இருக்குதா?" என்று கேட்டார் ராஜாமணி.

"இருக்குது."

"அவ பேர எழுதி வை. பென்சில்ல எழுது."

எழுதினாள். ராஜாமணி போனை எடுத்து, நாற்பது நாளாகக் கூப்பிடாத நம்பரைக் கூப்பிட்டார். மணி அடித்துக்கொண்டே இருந்தது. கடிகாரத்தில் ஐந்துக்கு இன்னும் பத்து நிமிடம்.

எடுத்துவிட்டாள் என்பது அவர் முகத்திலேயே தெரிந்தது. முந்நூறு பேர் பந்தியில் கலங்காத மனிதர் ஐஸ் பெட்டியின் மூடியை மறுபடி கையில் எடுத்துக்கொண்டார். கடைசியில், "மீனு நல்லா இருந்துச்சா?" என்று கேட்டார்.

பிறகு கொஞ்சநேரம் "ம்" மட்டும் சொன்னார். போர்ச்சுகல் என்று ஒரு தடவை சொன்னார். "இல்ல, ஆக்கறதுக்கு இல்ல, சும்மாதான்" என்று சொன்னார்.

ராஜாமணி போனைக் கையால் பொத்திக்கொண்டு அவளைப் பார்த்தார்.

"நவம்பர்ல அங்க குளிருமான்னு கேக்கறா. அத மொதல்ல சொல்லணுமாம். அப்பறம்தான் சாவியப் பத்திப் பேசுவாளாம்."

பதினோரு வருடம் பூகோளம் சொல்லிக்கொடுத்தவளுக்குப் பதில் தெரியாதா? டிகிரி கணக்காகத் தெரியும்.

"குளிரும்ணா" என்றாள். "அண்ணிய ஒரு ஸ்வெட்டர் எடுத்துக்கச் சொல்லு."